இறந்தகாலத்தில் எழுதும் வேலை

நர்சுகள் எழுதும் குறிப்பு முழுவதும் இறந்தகாலத்தில்தான் இருக்கும். நோயாளி தூங்கினார், சாப்பிட்டார், நடந்தார். மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நான் அதை ஆங்கிலத்தில் எழுதினேன்: ‘ஸ்லீப்டு வெல். ஈட்டட் டூ இட்லி. டிரிங்க்டு மில்க்.’ பேரையூரில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள் நான். எந்த வினைச்சொல்லானாலும் கடைசியில் ‘இ, டி’ என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்தால் இறந்தகாலம் ஆகிவிடும் என்று நம்பியிருந்தேன்.

வார்டுக்குப் பொறுப்பான அக்கா திட்டவில்லை. மூன்று சொற்களையும் சிவப்பு மையால் சுழித்து, மேலே ‘ஸ்லெப்ட், ஏட், டிராங்க்’ என்று எழுதினார். ஆனால் அந்த நோட்டைப் பார்த்து இரண்டு பேர் சிரித்தது என் காதில் விழுந்தது. அன்றைக்கு மத்தியானம் தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பிறகு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். முன்னால் ‘டிட்’ போட்டால் வினைச்சொல் மாறாமல் அப்படியே நிற்கும் என்று பள்ளியில் படித்தது ஞாபகம் வந்தது. டிட் ஸ்லீப், டிட் ஈட், டிட் டிரிங்க். இரண்டு மாதம் ஒரு சுழிப்பும் விழாமல் ஓட்டினேன். ஒருநாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு, “என்ன சிஸ்டர், எல்லாத்தையும் இப்படி அடிச்சுச் சொல்றீங்க? இவர் தூங்கலைன்னு யாராவது சண்டைக்கு வந்தாங்களா?” என்றார். யாராவது மறுத்தால்தான் ‘டிட்’ போட்டு அழுத்திச் சொல்வார்களாம்; எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்த வழியும் அடைபட்டது.

அந்தச் சமயத்தில்தான் அஸ்ஸாமிலிருந்து நர்சு ஒருத்தி எங்கள் வார்டுக்கு வந்தாள். என் வயதுதான். ஆங்கிலம் சரளமாகப் பேசுவாள், தமிழ்தான் தடுக்கும். உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து சேர்ந்திருந்த ஒரு நோயாளியின் மனைவியிடம், “நான் காலையில வருந்தேன்” என்றாள். காலையிலேயே வந்துவிட்டேன் என்று சொல்ல நினைத்திருக்கிறாள். அந்தம்மா பதறி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எதுக்கு ஆத்தா வருந்துற? இம்புட்டுத் தொலைவு வந்து கிடக்கியே, வீட்டு நெனப்பா?”

நான் குறுக்கே புகுந்து விளக்க வேண்டியதாயிற்று. சாப்பாட்டு நேரத்தில் அவள் என்னை விடவில்லை.

“இரு, இருந்தேன். கரெக்ட்?”

“கரெக்ட்.”

“நட, நடந்தேன். அப்ப வரு, வருந்தேன். ஏன் தப்பு?”

“அது வந்தேன்னுதான் வரும்.”

“ஏன்?”

வா என்றால் வந்தேன், போ என்றால் போனேன், நில் என்றால் நின்றேன், காண் என்றால் கண்டேன். இதை எவரும் எனக்குப் பட்டியல் போட்டுச் சொல்லித் தரவில்லை. தினமும் வாயில் புழங்கியே வந்த சொற்கள். அவளைத் தடுக்கி விழச் செய்ததும் இப்படி நாளெல்லாம் புழங்குகிற சொற்கள்தான். என்னை விழச் செய்ததும் அவைதான். தூங்குவது, தின்பது, குடிப்பது. அவ்வளவு நாளும் என் மூளையில்தான் ஏதோ குறை என்று நினைத்திருந்தேன். அன்று அந்த நினைப்பு போயிற்று.

இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். முந்தின நாள் நடந்ததை, சாப்பிடும்போது நான் ஆங்கிலத்தில் சொல்வேன். அவள் தமிழில் சொல்வாள். பொய் சொல்லக் கூடாது. “நேத்து நான் பூ மார்க்கெட் போனேன். மல்லி வாங்குனேன். தலையில வைக்கத் தெரியல, டீ டம்ளர்ல வச்சேன்” என்று அவள் ஒரே மூச்சில் சொன்ன நாளில் பக்கத்து மேஜைக்காரர்கள் கை தட்டினார்கள்.

பொய் சொல்லக் கூடாது, புதுச் சொற்களும் வேண்டும் என்பதால், அவற்றுக்கான காரியங்களையும் செய்ய ஆரம்பித்தேன். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது பருத்திக் காட்டில் மம்பட்டியை எடுத்துக் கொத்தினேன்.

“என்னத்தா, படிச்சு வேலைக்குப் போனவ மம்பட்டியத் தூக்குற?” என்றார் அப்பா.

“‘டக்’னு சொல்லணும்ப்பா. தோண்டுனேன்னு அர்த்தம்.”

“சரிதான். அந்த மூலை வரைக்கும் சொல்லிட்டு வா” என்று சொல்லிவிட்டு அவர் நிழலில் போய் உட்கார்ந்தார். மறுநாள் கோழி பிடித்தேன், ‘காட்’ என்று சொல்வதற்காக.

ஆறேழு மாதம் கழித்து ஒரு பகல் வேளையில், மூட்டு அறுவை முடிந்த பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிடாமலே எழுந்தார். கட்டில் கம்பியைப் பிடித்தார், நிலை தடுமாறினார். ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். அதற்குள் ஒரு முழங்கால் தரையில் பட்டுவிட்டது. நல்லவேளை, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஆனால் நடந்ததை முழுப் பக்கம் அறிக்கையாக எழுதித் தர வேண்டும்.

பயத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். சொற்கள் தடுமாறவில்லை. ஸ்டுட், ஹெல்ட், லாஸ்ட் பேலன்ஸ், ஃபெல், ரேன், காட் என்று நடந்த வரிசையிலேயே ஒவ்வொன்றும் வந்து நின்றது. எழுதி முடித்துப் பார்த்தேன். ஒரு ‘டிட்’கூட இல்லை. பொறுப்பு அக்கா இரண்டு முறை படித்தார். சிவப்புப் பேனா மேஜை மேலேயே கிடந்தது. நீலப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

பெரியவரிடம் திரும்பிப் போனபோது, “என்னத்தா எழுதுன?” என்றார். தமிழில் சொன்னேன்.

“நான் விழுந்தது ஒரு நிமிசம். அதுக்கு எம்புட்டு எழுதியிருக்க!” என்றவர், “கூப்பிடாம எந்திரிச்சது என் தப்புன்னும் சேத்துக்க” என்றார்.

அதையும் சேர்த்தேன். எழுந்தார் என்பதற்கு ‘காட் அப்’ என்று ஒரே தடவையில் சரியாக வந்தது.