தட்டாமல் போட்ட கையெழுத்து

கட்டட வேலைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் தட்டம்மை. முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் தட்டம்மை. விற்பனைக்கு வரும் விலையுயர்ந்த வீடுகளைச் சோதித்துச் சான்று தருவது அவள் வேலை. உள்ளே நுழைந்து, தரையையும் சுவரையும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவாள். குறை தென்பட்ட இடத்தில் சிவப்பு வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவாள். அவள் போய்விட்டு வந்த வீடு நிஜமாகவே அம்மை போட்டது போலத்தான் இருக்கும்.

வேலையில் புலி. டார்ச்சைச் சுவரோரமாகச் சாய்த்துப் பிடித்து, பட்டி பார்த்ததில் இருக்கும் மேடு பள்ளத்தைக் காட்டிக்கொடுப்பாள். அலமாரிக் கதவைப் பாதியில் விட்டுவிட்டு, அது சத்தமில்லாமல் மூடுகிறதா என்று கைகட்டிக் காத்திருப்பாள். வெளிநாட்டுப் பளிங்கு என்று பீற்றிக்கொள்பவர்களிடம், "சரி, இந்த ரெண்டு பலகையிலயும் ரேகை ஏன் சேரல?" என்று கேட்டு வாயடைப்பாள். எல்லாவற்றையும்விட அவள் நம்பியது தன் காதைத்தான். ஒழுங்காகப் பதித்த டைல் 'டக்' என்னும். அடியில் கலவை பிடிக்காமல் காலியாக இருந்தால் 'தொம்' என்னும். தொம் என்ற டைல் இன்றைக்குப் பளபளப்பாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் பெயர்ந்து எழும்பும்போதுதான் குட்டு வெளிப்படும்.

வேலை இல்லாதபோதும் அந்தக் கை சும்மா இருக்காது. தர்பூசணி, மேசை, ஆஸ்பத்திரிச் சுவர், எதையும் விட்டுவைக்க மாட்டாள். பார்த்துப் பார்த்துத் தங்கைக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. பெற்றவர்கள் போன பிறகு தங்கையைப் படிக்கவைத்து, கல்யாணம் முடித்து, குடித்தனம் வைத்துக் கொடுத்தவள் அக்காதான். தனக்கென்று ஒரு குடும்பத்தைத் தேடிக்கொள்ள அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை.

இப்பேர்ப்பட்டவள் சறுக்கியது மூன்று வருடத்துக்கு முன்னால். நாற்பத்தெட்டு வீடுகள் உள்ள ஒரு கட்டடத்தில் ஒரே ஒரு மாதிரி வீட்டை அலங்கரித்து வைத்துக் காட்டினார்கள். அவள் அதில் மூலை முடுக்கெல்லாம் தட்டினாள். ஒரு ஸ்டிக்கர்கூடச் செலவாகவில்லை.

"இதப் பார்த்தா போதும் மேடம்," என்றார் கட்டட நிறுவனத்தின் மேலாளர். "மத்ததெல்லாம் இதே அச்சுதான். அத்தனையும் தட்டிட்டிருந்தா உங்க விரல் தேஞ்சு போயிடும்."

அவளுக்கு அப்போது முழங்கால் வேறு குடைந்துகொண்டிருந்தது. இந்த ஒரு தடவைதானே என்று நாற்பத்தெட்டு அறிக்கைகளிலும் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொன்றிலும் அச்சடித்த வரி ஒன்று இருந்தது: எல்லா டைல்களும் தட்டிப் பார்க்கப்பட்டன. ஒரு தடவை என்பது எங்கே ஒரு தடவையோடு நின்றிருக்கிறது? அடுத்தடுத்து ஏழு கட்டடங்கள். அவள் காலே வைக்காத வீடுகளில் முந்நூறு குடும்பங்கள் குடியேறிவிட்டன. ஒரு வீட்டைப் பற்றி உண்மையைச் சொன்னால் முந்நூறைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கையெழுத்தோ மேலாளருடையது இல்லை.

அந்த ஏழில் ஒன்றின் பதினோராம் மாடியில் வீடு வாங்கப் போவதாகத் தங்கை போனில் சொன்னாள்.

"வேற இடமும் பார்க்கலாமேடி."

"ஏன்க்கா, அங்க ஏதாவது குறையா?"

"குறைன்னு இல்ல..."

"அப்புறம் என்ன? உன் கையெழுத்தப் பார்த்துட்டுத்தானே முடிவே பண்ணோம்! இருந்த வீட்டையும் வித்தாச்சு. கையெழுத்துப் போடற அன்னைக்கு நீயும் கூட வரணும்."

போனாள். போகாவிட்டால், ஏன் வரவில்லை என்று தங்கை கேட்பாளே. தங்கையின் கணவர் சமையலறை இழுப்பறைகளை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார். விற்பனைக்காரன் கையில் பத்திரம், உதட்டில் சிரிப்பு. தங்கை நேராக உள்ளறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து, அக்கா மாதிரியே விரலை மடக்கித் தட்டினாள்.

தொம்.

பக்கத்து டைலும் தொம். அதற்கடுத்ததும்.

"அக்கா, இங்க வாயேன். நீ தட்டினப்பவும் இப்படித்தான் கேட்டுச்சா?"

அக்காவின் கை பைக்குள் ஸ்டிக்கர் சுருளை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இதுதான் சமயம். நான் தட்டவே இல்லடி என்று மூன்றே வார்த்தை. தங்கை தப்பித்துவிடுவாள். ஆனால் அதற்குப் பிறகு இந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? பார்த்தாலும், அந்த மூன்று வார்த்தை இந்த அறையோடு நிற்குமா?

"அடியில தண்ணிக் குழாய் போகுதும்மா, அதான் அந்தச் சத்தம்," என்றான் விற்பனைக்காரன். "மேடத்துக்குத் தெரியாததா?"

படுக்கையறைக்கு நடுவில் எவனாவது குழாய் விடுவானா? அவன் புளுகுவது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். தங்கை மட்டும் அண்ணாந்து அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்," என்றாள் அக்கா. "அன்னைக்கும் இப்படித்தான் கேட்டுச்சு. குழாய்தான்."

"அதானே பார்த்தேன்," என்று தங்கை கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். கூடத்துக்குப் போய்க் கணவனும் மனைவியும் கையெழுத்துப் போட்டார்கள். அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷம் என்று நினைத்து, தங்கையும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விற்பனைக்காரன் போனதும் தங்கை அவள் கையைப் பிடித்து மறுபடியும் அதே உள்ளறைக்கு இழுத்து வந்தாள்.

"ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வீடுன்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ? இந்த ரூம் உனக்குத்தான்க்கா. அடுத்த வருஷம் ஓய்வு வாங்கினதும் வந்துடணும். எங்களுக்குச் செஞ்சது போதும். சரி, ஜன்னல் பக்கம் போய்ப் பாரு, ஊரே தெரியும்."

 அக்கா அறை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, நுனிக்காலால் ஒவ்வொரு டைலாகத் தாண்டி ஜன்னலை நோக்கிப் போனாள்.

பின்னால் தங்கை சிரித்தாள்.

"என்னக்கா பூனை மாதிரி நடக்கற? உன் வீடு! நல்லா அழுத்தி நட!"