துதிக்கையில் ஒரு கோடு

சிற்பப் பட்டறையில் அவளைக் கண்ணாடியக்கா என்பார்கள். அவள் தேய்த்து முடித்த கருங்கல்லில் முகம் பார்க்கலாம். இருபத்திரண்டு வருடமாகத் தகரக் கொட்டகையின் ஓரத்தில், தண்ணீர் வாளியும் சாணைக்கல்லுமாக உட்கார்ந்து பிள்ளையார்களைத் தேய்த்துவந்தாள். விரல்களில் ரேகை அழிந்துபோனதால் ஆதார் அலுவலகத்துக் கைரேகை இயந்திரம் இரண்டு முறை அவளை ஆளே இல்லை என்று திருப்பி அனுப்பியது.

உளி பிடிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. கழித்துப் போட்ட கல்துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செதுக்கிப் பழகினாள். முறக்காதும் தொந்தியும் பட்டறை ஆண்களுக்கு வருகிற மாதிரியே வந்தன. ஆனால் சாமி சிலையில் பெண் உளி வைக்கக் கூடாது என்றார்கள். எந்த நூலில் இருக்கிறது என்று கேட்டாள். வழக்கம் என்றார்கள். பெண் தேய்க்கலாம், கழுவலாம், கல் சுமக்கலாம். அதற்கெல்லாம் வழக்கம் குறுக்கே வரவில்லை.

ஒரு கோயில் வாசலுக்கு மேலே உள்ள மாடத்துக்காக ஐந்தடிப் பிள்ளையார் தயாரானது. செதுக்கியவர் அவளுடைய அக்கா கணவர், பட்டறையின் தலைமைச் சிற்பி. தேய்க்கும்போது துதிக்கை வளைகிற இடத்தில் அவள் விரல் நின்றது. ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் காத்திருந்தாள். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் மயிரிழை அளவில் ஒரு கோடு கறுப்பாகவே இருந்தது.

விரிசலை அத்தானிடம் காட்டினாள். மூன்று மாத உழைப்பு. அவர் முகம் செத்துவிட்டது. அவர் முதலாளியிடம் போனார், முதலாளி இவளிடம் வந்தார். பசையில் கல்தூளைக் குழைத்து அடைத்துத் தேய்த்தால் யாருக்கும் தெரியாது, அது அவள் கைக்கு மட்டுமே வரும் வேலை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“இத முடிச்சுக் குடும்மா. அடுத்த பிள்ளையார நீயே செதுக்கு.”

“வழக்கம்?”

“வழக்கம் என்ன வழக்கம், நாம வெச்சதுதானே.”

இருபத்திரண்டு வருடம் மலையாக நின்றது ஒரே மூச்சில் நகர்ந்துவிட்டது.

விரிசல் விட்ட சிலை பூசைக்கு ஆகாது என்பது மற்றவர்கள் கவலை. அவள் நினைத்தது வேறு. துதிக்கை வாசலுக்கு நேர் மேலே இருக்கும். வெயிலில் பசை இளகும், விரிசல் வளரும். கீழே ஆட்கள் நடப்பார்கள். முதலாளி கேட்டபோதெல்லாம் நாளைக்கு என்றாள். தேடி வந்த வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்று அத்தான் புத்தி சொன்னார்.

“தினமும் அதுக்குக் கீழ வந்து நில்லுங்க அத்தான். இப்பவே அடைச்சுத் தரேன்.”

அவர் தன் உளிகளைப் பொறுக்கிக்கொண்டு நகர்ந்தார்.

கோயில் குழுத் தலைவர் சிலையைப் பார்க்க வந்தார். முதலாளியும் அத்தானும் பக்கத்தில் நிற்க, சுற்றிச் சுற்றி வந்து புகழ்ந்தார். அவள் எழுந்துபோய்த் துதிக்கையில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினாள்.

“கொஞ்சம் இருங்க சார், காயட்டும்.”

கல் காய்வதற்காக மூன்று ஆண்கள் காத்து நின்றார்கள். கோடு தெரிந்தது. தலைவர் சத்தம் போடவில்லை. வேறு கல்லில் செய்யச் சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளி ஒரு வாரம் அவளிடம் பேசவில்லை. வேலையை விட்டு நிறுத்தவுமில்லை. அப்படித் தேய்க்க வேறு ஆள் கிடையாது. வழக்கம் மட்டும் அன்றைக்கே திரும்பி வந்துவிட்டது.

புதுக் கல் வந்து இறங்கியபோது, உளி வைப்பதற்கு முன் அத்தான் அவளைக் கூப்பிட்டார். அரை நாள் அதை நனைத்து, காயவிட்டு, நாலு பக்கமும் தடவிப் பார்த்தாள். நல்ல கல் என்றாள். அவர் உளியை எடுத்தார். அவள் கொட்டகையின் ஓரத்துக்கு நடந்தாள்.