மூக்கு தேய்ந்த சாமி

சண்டை பட்டறை வாசலிலேயே தொடங்கிவிட்டது. அரிமளத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்த அண்ணனும் தம்பியும் ஒரு பித்தளைச் சாமியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். பின்னால் அவர்கள் தங்கை செல்லம்மா இறங்கினாள். அவளை இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

யுத்த காலம். புதுப் பித்தளை கிடைக்காது. புதுக்கோட்டையில் எங்கள் பட்டறையில் வார்ப்பு நின்றுபோய், ரிப்பேர்தான் பிழைப்பு. நான் அரம் போட்டு ராவுகிறவன்.

சாமியைப் பலகையில் வைத்தார்கள். முழ உயரம். புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தலைமுறை தலைமுறையாகத் தேய்த்ததில் மூக்கு இல்லை, கண் இல்லை. நெஞ்சு வழித்துவிட்ட மாதிரி இருந்தது. இடுப்பில் வேட்டி, தலையிலிருந்து தோள் வரை சரிகைத் துண்டு. வலது கையில் ஒரு ஓட்டை. அதில் இருந்த பொருள் எப்போதோ விழுந்துவிட்டது.

"மொகம் வைக்கணும். எந்தச் சாமிங்க?" என்றார் முதலாளி.

"முருகன்" என்றார் அண்ணன்.

"கண்ணன்" என்றார் தம்பி.

"கையில ஓட்டையப் பாருங்க. வேல் நின்ன ஓட்டை!"

"இடுப்பை ஒடிச்சு நிக்கிறதப் பாருங்க. கொழல் ஊதுற நிப்பு அது!"

"ஒத்தக் கையாலயாடா ஒன் கண்ணன் ஊதுவாரு? இன்னொரு கை தொங்குதே!"

"ஒன் முருகனோட மயில் எங்கண்ணே? மேயப் போயிருச்சா?"

நான் சிரித்துவிட்டேன். முதலாளி முறைத்தார்.

விஷயம் பாகப்பிரிவினை. நிலம், மாடு, வீடு எல்லாம் பிரித்தாயிற்று. சாமி மட்டும் பாக்கி. செத்துப்போன அப்பா அதற்குப் பெயர் சொன்னதே இல்லை. "சாமி" என்பார், அவ்வளவுதான். கடைசியில், "அது யாரு சாமியோ அவங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். அண்ணன் கும்பிடுவது முருகனை, தம்பி கும்பிடுவது கண்ணனை. என் அரத்தில் எந்த முகம் வருகிறதோ, அதைக் கும்பிடுகிறவர் வீட்டுக்குச் சாமி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க சொல்ற மொகமெல்லாம் வைக்க முடியாதுங்க. கையில என்ன, தலையில என்ன, நிக்கிறது எப்படின்னு லட்சணம் இருக்கு. அது தப்புனா சாமியில்ல, பொம்மை. துணிய அவுங்க."

"சாமி துணியவா?" என்று அண்ணன் பதறினார்.

"வேட்டியோடயா குளிப்பாட்டுவீங்க?"

"அதெல்லாம் பொம்பளைங்க பாத்துக்குவாங்க."

நானே அவிழ்த்தேன். முன்பக்கம் ஒன்றும் சொல்லவில்லை. திருப்பிப் போட்டேன். மாடத்துச் சுவரோரமாகவே நின்ற முதுகு. புளியே படாமல் எண்ணெய்ப் பிசுக்கு கறுத்துக் கிடந்தது. சுரண்டினேன். பின்னல் சடை! இடுப்பு வரைக்கும், நுனியில் குஞ்சத்தோடு, நேற்று வார்த்த மாதிரி. வலது கை ஓட்டையில் பூப் பிடித்து, இடது கையைத் தொங்கவிட்டு, இடுப்பை ஒடித்து நிற்கிற லட்சணம் யாருக்கு?

"அம்மன்" என்றேன்.

"வேட்டி கட்டுனமேடா..." என்றார் அண்ணன்.

"தைப்பூசத்துக்கு மொட்டை போட்டியேண்ணே, யாருக்கு?"

"நீ வெண்ணெய் வச்சியே, யாருடா தின்னா?"

முதலாளிக்குச் சிரிப்பில் புரை ஏறியது. உலைக்குத் துருத்தி ஊதுகிறவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சண்டையோடு வந்த அண்ணனும் தம்பியும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

செல்லம்மா சிரிக்கவில்லை. "எனக்கு அப்பவே தெரியும். தண்ணி ஊத்தித் தொடைக்கிறப்ப சடை கைக்குத் தட்டுப்படும்."

"ஏன் புள்ள சொல்லல?" என்றார் அண்ணன்.

"யாரு கேட்டீங்க? யாரு சாமியோ அவங்களே வச்சுக்கங்கன்னு அப்பா சொன்னாருல்ல? இது பொம்பளைச் சாமி. அவருக்குப் பொம்பளப்புள்ள நான் ஒருத்திதான். நெலத்துல எனக்கு ஒண்ணும் வைக்கல. இதக் குடுத்துருங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்னைய ஏங்க பாக்குறீங்க? லட்சணம் சொல்லிருச்சு."

கண்ணைச் செதுக்கி, மூக்குக்குப் பித்தளை ஒட்டு வைத்து ராவினேன். "மூக்குத்திக்குக் குழி வைங்க" என்று செல்லம்மா பக்கத்திலேயே நின்றாள், வைத்தேன். அம்மனை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

"தங்கச்சி, முருகா முருகான்னு எத்தனை வருசம் கூப்புட்டேன். ஒரு தடவையாச்சும் திரும்பிப் பாத்திருப்பாளா?"

"திரும்பியிருந்தா அன்னைக்கே சடை தெரிஞ்சிருக்குமே, அண்ணே!"

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: ரிப்பேருக்கு வருகிற சாமியைத் துணியோடு வாங்காதே. யார் கத்தினாலும் அவிழ்த்து, திருப்பி, முதுகைப் பார். அதற்கும் முன்னால், கூட வந்திருக்கிற பொம்பளையிடம் ஒரு வார்த்தை கேள். பாதி வேலை மிச்சம்.