நல்ல தண்ணீரில் போட்ட கடல் சிப்பி

மூன்றாம் வகுப்போடு நின்று, மூன்று லாரிக்கு முதலாளியானவன் நான். செஞ்சியில் என் கைச் சமையலை மிஞ்ச ஆளில்லை! மாசமாக இருக்கும் என் மகள் கடல் சிப்பி கேட்டாள். மரக்காணம் போய் உயிரோடு வாங்கிவந்து, ஏரி விராலை வைப்பதுபோல் குடத்து நல்ல தண்ணீரில் போட்டுவைத்தேன்.

மறுநாள் மசாலா கொதித்தது. "எனக்குத்தான் முதல்ல, நைனா!" என்று மகள் தட்டோடு வந்தாள். சிப்பியைக் கொட்டப் போனேன். கடலோரத்தில் பிறந்த மருமகள் என் கையைப் பிடித்துவிட்டாள்.

"இன்னா மாமா, நல்ல தண்ணில போட்டா செத்துடாதா? வாயத் தொறந்துக்கினு கெடக்குது, தட்டினாலும் மூடல. இத்த தின்னா அண்ணி நேரா ஆஸ்பத்திரிதான்!"

அத்தனையையும் குழிதோண்டிப் புதைத்தேன். இப்போதெல்லாம் ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, அன்றைக்கே தட்டிப் பார்த்துச் சமைக்கிறேன். வெந்தும் வாய் திறக்காததை வீசிவிடுகிறேன். நேற்று மகள் சட்டியை வழித்துவிட்டுக் கேட்டாள்: "இன்னும் இருக்குதா, நைனா?"