டெக்சாஸா, மினசோட்டாவா?

தங்கையின் கணவருக்கு அமெரிக்காவில் மூன்று வருட வேலை மாற்றம் கிடைத்தது. டெக்சாஸா, மினசோட்டாவா என்று அவரே தெரிவுசெய்யலாம். ஒஸ்லோவில், ரொம்மனிலுள்ள அவர்கள் வீட்டில் அன்றிலிருந்து வேறு கதையில்லை. தங்கை பள்ளிக்கூடங்களைத் தேடினாள். அவர் வரைபடம் பார்த்தார். அதே நகரத்தில் எல்லிங்ஸ்ருட்டில் சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கும் நான் எங்கும் போகப்போவதில்லை. ஆனாலும் எந்த இடம் நல்லதென்று அறிகிற ஆவல் எனக்குத்தான் கூட.

"கொம்பியூட்டரிலை பாத்து முடிவெடுக்கேலுமோ? நேரிலை ஒருக்காப் போய்ப் பாப்பம்" என்றேன். இலையுதிர்கால விடுமுறையில் தங்கையின் பிள்ளைகளைத் தகப்பனிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் புறப்பட்டோம்.

முதலில் டெக்சாஸ். பெரியம்மாவின் மகன் வீட்டில் தங்கினோம். அவர்களுடைய குளியலறை என் வரவேற்பறையளவு பெரிது. மறுநாள் காலை பால் முடிந்திருந்தது. நடந்துபோய் வாங்கி வருகிறேன் என்றேன்.

"நடந்தோ?" என்று அண்ணி சிரித்தார். "எங்கையாலை நடப்பியள்?"

பகிடி என்று நினைத்து வெளிக்கிட்டேன். இரண்டாவது வளைவில் நடைபாதை முடிந்துவிட்டது. புல்லில் இறங்கி நடந்தேன். பெரிய வாகனமொன்று பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டிவந்த வயதான பெண், கார் பழுதாகிவிட்டதா என்று கேட்டாள். பால் வாங்கப் போகிறேன் என்றேன். என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தாள். கடைக்குக் கூட்டிப்போய், காத்திருந்து, வாசலில் கொண்டுவந்து இறக்கினாள். அதற்குள் அவளுடைய முழங்கால் சத்திரசிகிச்சையும் மகனுடைய விவாகரத்தும் எனக்குத் தெரிந்துவிட்டன. ஒஸ்லோவில் என் மேல்மாடியில் இருப்பவரின் முகமே எனக்குச் சரியாகத் தெரியாது.

பிறகு மினசோட்டா. தங்கையோடு படித்த தோழி ஒரு சிறிய நகரத்தில் இருந்தாள். ஏரியைச் சுற்றி நடக்கப் பாதை, நடந்துபோகிற தூரத்தில் நூலகம். எனக்கு உடனே பிடித்துவிட்டது. நாங்கள் நோர்வேயிலிருந்து வந்தவர்கள் என்று தோழி நூலகத்தில் சொன்னதும், பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எழுந்து வந்து என்னோடு நோர்வேஜிய மொழியில் கதைக்கத் தொடங்கினார். அவருடைய முன்னோர் அங்கிருந்து கப்பலேறி வந்தவர்களாம். அவர் நோர்வேயைக் கண்டதேயில்லை. உருளைக்கிழங்குக்கு ஒரு பழைய சொல்லைச் சொல்லி, இப்போதும் அப்படித்தான் சொல்கிறீர்களா என்று கேட்டார். நான் கேள்விப்பட்டதில்லை என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது.

"நீ எங்கே இந்த மொழியைப் படித்தாய்?"

"நோர்வேயின் வடக்கே, பாட்ஸ்பியோர்ட்டில். மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டிக்கொண்டே பழகினேன்."

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நெடுநேரம் விடவில்லை.

விமானத்தில் திரும்பும்போது மினசோட்டாதான் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. மூன்றாம் நாள் தங்கை தொலைபேசியில் சொன்னாள், டெக்சாஸ் என்று.

"ஏனடி? அங்கை நடக்கவே வழியில்லை."

"குளிரையும் பனியையும் பாக்கிறதுக்கு ஏன் அக்கா அவ்வளவு தூரம் போவான்? அது இஞ்சை இருக்குத்தானே. எங்களிட்டை இல்லாததைப் பாக்கோணும். ஆரெண்டு தெரியாத உங்களை அந்த மனுசி ஏத்திக்கொண்டு போனவ."

நடைபாதை, ஏரி, நூலகம் என்று நான் ஒஸ்லோவைத்தான் இரண்டு இடத்திலும் தேடியிருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

அவர்கள் போய் ஒரு வருடமாகிறது. போன மாதம் கதைத்தபோது, வெயிலுக்குப் பிள்ளைகள் வாரக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார்கள் என்றாள்.

"அப்ப எங்கடை ஜனவரி மாதிரி" என்றேன்.

"ஓம், ஆனா வெளிச்சமெண்டால் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரி தன்ரை வீட்டுத் திறப்பைத் தந்திட்டு ஊருக்குப் போட்டா. பூனைக்கு நாங்கள்தான் சாப்பாடு வைக்கோணும்."

என்ன மாதிரிப் பூனை என்று கேட்டேன்.