சீமைக்கருவைக்கு ஓர் அரிவாள்

கண்ணை மூடிக்கொண்டு, தரைக்கு ஒரு முழம் மேலே, மெல்ல மூன்று வீச்சு. மூன்றாவது வீச்சில் மணிக்கட்டை நிறுத்தி, "ம்ஹூம், இது என்னய இழுக்குது" என்று சொல்லி அரிவாளைப் படுதாவில் திரும்ப வைத்தார் நாகவல்லி அக்கா. அது ஆறாவது. காரைக்குடித் திங்கள் சந்தையில் இரும்புச் சாமான் விரித்திருக்கும் ஏகப்பன் அதற்குள் இரண்டு தேங்காய்த் துருவியும் ஒரு மண்வெட்டியும் விற்றுவிட்டிருந்தார்.

சாக்கோட்டையில் எங்கள் தெருவின் கடைசி வீடு அக்காவுடையது. வயது ஐம்பத்தாறு. தரிசாகிப் போன வயல்களில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவையை வெட்டி, கட்டாகக் கட்டி, இரண்டு புரோட்டாக் கடைக்கும் ஒரு இட்லிக் கடைக்கும் போடுவது தொழில். இரண்டு முழங்கையிலும் முள் கீறிய வெள்ளைக் கோடுகள். காலில் டயர்ச் செருப்பு. காலையில் கதவைப் பூட்டியதும், பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஆள் இருப்பதுபோல "போயிட்டு வாரேன்" என்பார். நான் இந்தத் தெருவுக்குக் குடிவந்த புதிதில், வீட்டுக்குள் யாரோ படுத்த படுக்கையாக இருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

மரத்தோடும் பேசுவார். முள் அடர்ந்த கிளையை அரிவாள் மூக்கால் கொக்கிபோல மாட்டித் தன் பக்கம் இழுத்து, "இங்குட்டு வா, இங்குட்டு வா, ஒன்ன என்ன செஞ்சுறப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே அடியில் ஒரு போடு போடுவார். பச்சைக் கட்டை, காய்ந்த கட்டை இரண்டின் சத்தமும் எங்கள் வீட்டு மாடிக்கு வேறு வேறாகக் கேட்கும்.

சந்தைக்கு என் வண்டியில்தான் வந்தோம். பேருந்தில் அரிவாளோடு ஏறினால் கண்டக்டர் முறைக்கிறார், பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை என்பது அக்காவின் குறை. "சாக்குல சுத்தித்தான் வச்சிருக்கேன், இருந்தாலும் எந்திரிச்சு அங்குட்டுப் போயிர்றாக."

ஏழாவதை எடுத்தார். முதலில் முதுகை விரலால் தடவினார். பிறகு ஒரு கண்ணைச் சுருக்கி, வாய் நேராக ஓடுகிறதா என்று பார்த்தார். நகத்தால் ஒரு சுண்டு. ணங் என்று வந்த சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார். பிடிக்கு முன்னால் இரண்டு விரல் தள்ளி, ஆள்காட்டி விரலில் அரிவாளைப் படுக்க வைத்தார். அது மூக்குப் பக்கம் மெல்லச் சாய்ந்தது.

"நல்ல கனமாக இருந்தால்தானே மரத்துக்கு ஆகும்?" என்றேன், பக்கத்தில் கிடந்த பெரிய அரிவாளைக் காட்டி.

"கனமா வெட்டும்? கை அலுக்கும், அவ்வளவுதான். மூக்குல கொஞ்சூண்டு கனம் இருக்கணும், பிடியில இருக்கப்படாது. பொழுதுக்கும் தூக்குறது யாரு, நீங்களா?"

"லாரி வில்லுப் பட்டையில அடிச்சது ஆத்தா. திருப்பாச்சேத்திச் சரக்கு. ஒங்க ஆயுசுக்கும் வரும்" என்றார் ஏகப்பன்.

"எல்லாத்தையும் பட்டைம்பீக." அக்கா வாயை நெருங்கிப் பார்த்தார். "கூர் ரொம்ப மெலிசாப் போனா கருவையில பல்லு விழுந்துரும். தடிச்சாத் துள்ளி ஆளு மேல வரும். இது தேவலை. ஆனா பிடி இரும்புக் குழாயால்ல இருக்கு. குழாய்ப் பிடி ஒவ்வொரு போடுக்கும் தோள்ல வந்து குத்தும். மரப்பிடி போட்டது இதே கணக்கா இருக்கா?"

ஏகப்பன் பெருமூச்சு விட்டுச் சாக்கைப் பிரித்தார்.

முன்பிருந்த அரிவாளுக்குப் பிடி போட்டது அக்காவின் வீட்டுக்காரர் சோணை. அவர் சிறுநீரகம் கெட்டு இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அந்த அரிவாள்தான் மகன் பாண்டியராஜனைப் பட்டப்படிப்புவரை கொண்டுபோனது. இப்போது அவன் மதுரையில் இரு சக்கர வாகன ஷோரூம் ஒன்றில் மேலாளர். போன ஆடியில் ஒரு கிளை விடுபட்டுத் துள்ளியதில் அக்காவின் கை தவறி, அரிவாள் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. சேலையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தார். ஃபோனில் சார்ஜ் இல்லை. ஆடு தேடி வந்த ஒருவர் பார்த்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஒன்பது தையல்.

விடிவதற்குள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான் மகன். அம்மாவின் காலைப் பார்த்தான். எழுந்துபோய், மூலையில் இருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு நடந்து, பாழுங்கிணற்றில் போட்டுவிட்டு வந்தான்.

"கோவத்துல போட்டானா?" என்று ஒரு முறை கேட்டேன்.

"அழுதுக்கிட்டேதான் போட்டான். அவன என்ன சொல்ல."

அம்மாவை மதுரைக்குக் கூட்டிப் போனான். மூன்றாவது மாடி. தனி அறை, மின்விசிறி, கட்டில். நாற்பது நாள் இருந்தார். மருமகளைப் பற்றி ஒரு குறை சொல்லமாட்டார். "தங்கமான புள்ள. நேரத்துக்குக் காப்பி கொண்டாந்து கையில குடுக்கும். குடுத்துட்டுப் போயிரும்." காலையில் இருவரும் வேலைக்குக் கிளம்பினால், திரும்பி வரும் சத்தத்துக்காகக் காத்திருப்பார். வந்த பிறகு அவர்கள் பேச்சு, சம்பந்தி வீட்டு விசேஷம், வண்டி விற்பனை என்று ஓடும். ஒரு நாள் சம்பந்தியம்மாள் வந்தபோது, அக்காவின் கையைப் பார்த்து என்ன தழும்பு என்று கேட்டிருக்கிறார். இவர் வாயைத் திறப்பதற்குள் மகன் "வயல் வேல" என்று சொல்லிவிட்டான். மறுநாள் அக்கா பையை எடுத்துக்கொண்டார்.

"இங்க யாருமில்ல, எனக்குத் தெரியும் தம்பி. அங்க எல்லாரும் இருந்தாக. அதுதான் முடியல."

கிளம்பும்போது வாசலில் நின்று மகன் ஒன்று சொன்னான். "மறுபடி அருவாளத் தொட்டேன்னு கேள்விப்பட்டா, எனக்குப் போன் போடாத. நானும் போட மாட்டேன்." ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவன் ஃபோன் வரும். சாப்பிட்டியா, கால் எப்படி இருக்கு, வைக்கிறேன். இந்த மூன்று பேச்சுக்காக அக்கா ஒன்பது மணிக்கே குளித்து, தலை முடிந்து, ஃபோனை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பார். நாலு மாதமாக இரவல் அரிவாளில் ஒப்பேற்றிப் பார்த்தார். இரவல் கொடுத்தவர்கள் முகம் மாறத் தொடங்கியது. இட்லிக் கடைக்காரர், கேஸ் அடுப்பு வாங்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். முந்தாநாள் என் வாசலில் வந்து நின்று, "திங்கக்கிழமை சந்தைக்குப் போறீகளா?" என்று கேட்டதற்கு இதுதான் காரணம்.

சாக்கின் அடியிலிருந்து வந்தது எட்டாவது அரிவாள். வேப்பம் பிடி, பித்தளைப் பூண். அக்கா அதைப் பிடித்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. வீச்சுக்குக் கண்ணை மூடியவர், மூன்றோடு நிறுத்தவில்லை. நாலு, ஐந்து, ஆறு. முகம் தளர்ந்தது. மூக்கருகே கொண்டுபோய் இரும்பை முகர்ந்தார்.

"இது போதும்" என்றார்.

ஏகப்பன் படுதாவுக்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். "இதுல எழுதணும் ஆத்தா. ஸ்டேஷன்ல சொல்லியிருக்காக. வெட்டருவா யாரு வாங்குனாலும் பேரு, ஊரு, எதுக்கு, எல்லாம் எழுதணும்."

"எழுதிக்கங்க. வெறகு வெட்ட."

எழுதினார். ஃபோன் எண் கேட்டார். அக்கா கடகடவென்று சொன்னார். ஏகப்பன் தன் செல்லில் அடித்தார். அக்காவின் சுருக்குப் பைக்குள் ஃபோன் ஒலித்து நின்றது.

"வீட்டு ஆளு நம்பர் ஒண்ணு சொல்லுங்க."

"எதுக்கு?"

"ரெண்டு நம்பர் வாங்கிருவேன் ஆத்தா. ஒரு தடவ ஒருத்தன் தப்பு நம்பரக் குடுத்துட்டுப் போயிட்டான், என்னயத்தான் கூப்புட்டு விசாரிச்சாக. மகன் இருக்காக இல்ல? அவுக நம்பரச் சொல்லுங்க."

"அதுக்கும் அடிப்பீகளோ?"

"அடிச்சுச் சொல்லிருவேன். ஒங்கம்மா அருவா வாங்க வந்துருக்காக, தெரியுமான்னு கேப்பேன். வேறொண்ணும் இல்ல."

அக்கா அரிவாளைக் கீழே வைக்கவில்லை. பிடியின் பூணைக் கட்டைவிரலால் திருப்பிக்கொண்டே இருந்தார். "தொண்ணூத்தி நாலு..." என்று தொடங்கினார். "நாப்பத்தி மூணு..." அங்கே நின்றுவிட்டார். பக்கத்தில் வெங்காயக்காரர் ஒலிபெருக்கியில் விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

"என் நம்பரைப் போடுங்கள்" என்றேன் ஏகப்பனிடம்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீங்க எனக்கு என்ன வேணும்னு கேட்டா என்ன சொல்வீக தம்பி?" கேள்வியில் கோபம் இல்லை.

பிறகு நோட்டை வாங்கி, குந்தி உட்கார்ந்து, முழங்காலில் வைத்துக்கொண்டார். பேனாவை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு எண்ணாக, பத்து எண்ணையும் எழுதிக் கொடுத்தார். ஏகப்பன் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே நம்பராவுல்ல இருக்கு?"

"அடிச்சுப் பாருங்கய்யா. எடுக்க ஆளிருக்கு."

ஏகப்பன் என்னைப் பார்த்தார். நான் அரிவாள்களைப் பார்த்தேன். அவர் என்ன நினைத்தாரோ, செல்லை எடுத்து அடித்தார். சுருக்குப் பை ஒலித்தது. அக்கா எழுந்து, இரண்டு எட்டு தள்ளிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று ஃபோனை எடுத்தார்.

"அலோ. ஆமாய்யா, நாகவல்லி வீடுதான்... தெரியும். நம்ம ஆளுதான்." கொஞ்சம் நிறுத்தினார். "கவனமாத்தான் வெட்டும். குடுத்து விடுங்க."

"சரி ஆத்தா" என்று செல்லுக்குள் சொல்லிவிட்டு, ஏகப்பன் வைத்துவிட்டார். அக்கா திரும்பவில்லை. ஒரு கையில் அரிவாள் தொங்க, மறுகையால் ஃபோனை இன்னும் காதில் வைத்தபடியே நின்றுகொண்டிருந்தார்.