வியாழன் காலை ஏழு மணிச் செய்தி

தபால் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் வாரம் தவறாமல் எங்கள் லாண்டரிக்கு ஒரே ஒரு வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து போடுவார். காலர் மடிப்பில் துணி நைந்து நூல் நூலாகத் தெரியும். ஒரு நாள் மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, எங்கள் முதலாளி அக்கா அந்தக் காலரைப் பிரித்தெடுத்தார். நையாத பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைத்து, கஞ்சி போட்டு, என்னிடம் தேய்க்கக் கொடுத்தார். "யார்கிட்டயும் சொல்லிக்காதே" என்றார், அவ்வளவுதான். குமாஸ்தா வந்து சட்டையைப் பிரித்துப் பார்த்தார். "உங்க கடைத் தண்ணியில என்னமோ இருக்கும்மா. சட்டைக்கு வயசு குறையுது" என்றார். அக்காவுக்கு உண்மையைச் சொல்ல மனமில்லை, பொய் சொல்ல வாயும் வராது. அதனால் அடுத்த துணிக்குச் சீட்டுக் குத்தினார்.

பொய் விஷயத்தில் அவர் அப்படித்தான். நானாவது பிரார்த்தனையை முடித்துக்கொண்டு நேரே கடைக்கு வந்து, "பஸ் லேட்டுக்கா" என்று சொல்லியிருக்கிறேன். கடவுள் மன்னிக்கட்டும். அக்கா அதுகூடச் சொல்லமாட்டார்.

அந்த லாண்டரியில் பதினோரு வருஷம் நான் தேய்ப்பு மேஜையில் நின்றேன். முன்பக்கம் கல்லா, பின்பக்கம் மூன்று மெஷின், நடுவில் நீராவி. கடைக்கு வாடிக்கையாளர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அதோடு பதினான்கு ஆபீஸும் லாட்ஜும். அத்தனை பேருக்கும் வாரம் ஒரு செய்தி போனில் அனுப்புவது அக்காவின் வழக்கம். ஆபீஸ்களுக்கு அதையே மெயிலில் அனுப்புவார்.

அவருடைய செய்தி மற்றக் கடைக்காரர்கள் அனுப்புவது போல இருக்காது. முதல் வரி வீட்டுச் செய்தி, இரண்டாம் வரி கடைச் செய்தி. "நேற்று என் மூக்குக்கண்ணாடியை மெஷினில் போட்டுத் துவைத்துவிட்டேன், இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. போர்வைகளுக்கு இந்த வாரம் பாதி விலை." இப்படி. ஜனங்கள் முதல் வரிக்காகத்தான் திறந்து பார்ப்பார்கள். பார்த்த பிறகு போர்வை ஞாபகம் வரும்.

ஆனால் இதற்குப் புதன்கிழமை முழுசாகப் போய்விடும். ஒரு தடவைக்கு இருபது பேருக்குத்தான் அனுப்புவார், அதற்கு மேல் அனுப்பத் தெரியாது. கட்டைவிரல் வீங்கிப்போய், அதற்கு எண்ணெய் தடவிக்கொண்டு, மறுபடி அடுத்த இருபது. அந்த வரிசையில் முதல் நம்பர் அவருடைய அண்ணனுடையது.

அண்ணன் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடை திறந்த அன்று, ராசியாக இருக்கட்டும் என்று, முதல் துணியாகத் தன் கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து போட்டவர் அவர். அக்காவுக்கு அப்போது மெஷின் புதுசு. கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டார். கோட்டு சுருங்கி, போட்டுப் பார்த்தபோது கை முழங்கையோடு நின்றுவிட்டது. அண்ணன் கையைத் தூக்கியபடி கண்ணாடி முன் நின்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த கூட்டத்தின் நடுவில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் சிரித்தார். அண்ணன் அந்தக் கோட்டோடேயே இறங்கிப் போனவர்தான். பதினான்கு வருஷம் பேச்சு இல்லை. அக்கா மட்டும் வாராவாரம் முதல் செய்தியை அவருக்கு அனுப்புவார். பதில் வராது. "அனுப்பாதேன்னும் சொல்லலையே" என்பார் என்னிடம்.

கட்டைவிரலைப் பார்த்துப் பொறுக்காமல், அக்காவின் நாத்தனார் மகள் ஒரு நாள் கம்ப்யூட்டரோடு வந்தாள். ஏதோ ஆபீஸில் இப்படிச் செய்தி அனுப்புகிற வேலை பார்க்கிறவள்.

"அத்தை, எல்லா நம்பரையும் ஒரே பட்டியலாப் போட்டுட்டேன். துணி ரெடியானா ரெடின்னு தானாப் போயிடும். ரெண்டு மாசம் வராதவங்களுக்கு, வாங்கன்னு தானாப் போகும். வாரச் செய்தியை மட்டும் நீங்க எழுதிக் குடுங்க. ஆறு மாசத்துக்கு ஒரேயடியா. வியாழன் காலையில ஏழு மணிக்கு டாண்ணு போகும்."

"ஆறு மாசத்துக்கா?"

"இருபத்தாறு செய்தி. அப்புறம் புதன்கிழமை முழுக்க உங்களுக்குத்தான். காலை நீட்டிப் படுங்க."

அக்கா இரண்டு மத்தியானம் உட்கார்ந்து, கோடு போட்ட நோட்டில் இருபத்தாறையும் எழுதினார். கடைச் செய்தி சுலபமாக வந்தது. வீட்டுச் செய்திக்கு, இன்னும் நடக்காததை எங்கே தேடுவது? மனசுக்குத் தோன்றியதை எழுதினார், நோட்டில் இருக்கும்வரை அது பொய்யாக அவருக்குப் படவில்லை. இருபத்தாறாவது எழுதும்போது அவருக்குக் கை ஓய்ந்து, கண் கலங்கியிருந்தது. நான் பார்த்தேன். என்ன எழுதினார் என்று கேட்கவில்லை.

மூன்று வாரம் சொர்க்கம், செய்தியை யாரும் வந்து விசாரிக்கவில்லை. நான்காவது வியாழன் காலையில் மருந்துக்கடைக்காரர் தலையணை உறையோடு வந்தார். கல்லாவில் அக்காவின் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார், அவர் முகத்தையே பார்த்தார்.

"என்னங்க, மீசை இருக்கு?"

"இருக்காம எங்க போகும்?"

"எடுத்துட்டீங்கன்னு செய்தி வந்துச்சே. அடையாளமே தெரியலைன்னு அம்மா போட்டிருந்தாங்க. பாக்கலாம்னு வந்தேன்."

அக்கா உள்ளிருந்து ஓடிவந்தார். போனைப் பார்த்தார். முகம் கஞ்சி போட்ட துணி மாதிரி வெளுத்துவிட்டது. "ஐயோ, முந்நூறு பேருக்குப் பொய் சொல்லிட்டேனே" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஒரு பெருமூச்சு விட்டார், எதிர்ச்சாரிச் சலூனுக்குப் போனார், பத்து நிமிஷத்தில் வேறு யாரோவாகத் திரும்பி வந்தார். கடைவாசலில் கட்டியிருந்த பக்கத்து வீட்டு நாய் அவரைப் பார்த்துக் குரைத்தது. மருந்துக்கடைக்காரர் திருப்தியோடு போனார்.

சாயந்திரமே நாத்தனார் மகளுக்குப் போன் போட்டோம்.

"இதுக்கா இவ்வளவு? மீதியை மாத்திடலாம் அத்தை. ஒரு நிமிஷ வேலை."

"மாத்தினா நான் எழுதினது பொய்னு ஆயிடும். செஞ்சுட்டா உண்மையாயிடும். எது சுலபம்?"

"மாத்தறது."

"உனக்கு."

அன்று முதல் எங்கள் புதன்கிழமைகளைக் கேட்காதீர்கள். மறுநாள் போகப்போகிற செய்தியை நோட்டில் பார்த்து, அதை நடத்திக் காட்டியாக வேண்டும். ஒன்பதாவது வாரத்துக்கு, "நேற்று முதல் முறையாக ஸ்கூட்டர் ஓட்டினேன், குப்பைத்தொட்டியை மட்டும் இடித்தேன்" என்று இருந்தது. ஐம்பத்து மூன்று வயசில் அக்கா ஸ்கூட்டரில் ஏறினார். வீட்டுக்காரர் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடினார். அதிசயம், அக்கா தெருமுனை வரைக்கும் அம்பு மாதிரி போய், வளைந்து, எதிலும் படாமல் வந்து நின்றார்.

"பிரமாதம்" என்றார் வீட்டுக்காரர், மூச்சு வாங்கிக்கொண்டே.

"என்ன பிரமாதம்? தொட்டி பாக்கி இருக்கே" என்று அக்கா மறுபடி கிளப்பினார். குறி பார்த்துப் போய் இடித்துவிட்டுத்தான் இறங்கினார். தெருவே கைதட்டியது.

பதின்மூன்றாவது வாரம் வினை எனக்கு வந்தது. "தேய்க்கிற தங்கச்சி நேற்று முழுவதும் பாடிக்கொண்டே தேய்த்தாள்." எனக்குத் தெரிந்தது பத்துப் பக்திப் பாட்டு. பதினொரு மணிக்குள் தீர்ந்துவிட்டது. திரும்ப முதலிலிருந்து பாடினேன். மத்தியானத்துக்கு மேல் தொண்டை கட்டி, கடவுளையும் எத்தனை தடவைதான் கூப்பிடுவது என்று கூச்சமாகி, ஏழாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டுப் பாடினேன். துணி வாங்க வந்தவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டார்கள். ஒரு லாட்ஜ் மேனேஜர் எட்டாம் வாய்ப்பாடு வேண்டும் என்று கேட்டார்.

இத்தனை கூத்திலும் அக்கா நோட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பமாட்டார். இருபதாவது வாரம் நானே திருப்பிப் பார்த்தேன். "பதினான்கு வருஷமாகப் பேசாத என் அண்ணன் நேற்று என்னைப் பார்க்க வந்தார். திரைச்சீலைகளுக்கு இந்த வாரம் பாதி விலை."

நோட்டை அக்காவிடம் நீட்டினேன். "அக்கா, இது அவருக்கும் போகுமே."

"பட்டியல்ல முதல் ஆளே அவர்தான்."

"வராம இருந்தா, தன்னைப் பத்தின பொய்யை அவரே படிப்பாரே."

"அதான் எனக்கும் தூக்கமில்ல" என்றார்.

மீசையை மழிக்கலாம், தொட்டியை இடிக்கலாம். அண்ணனை யார் நடத்திக் காட்டுவது? நான் தினமும் காலையில் அவர் பேரைச் சொல்லிப் பிரார்த்தித்தேன். அக்கா தினமும் போனை எடுப்பார், வைப்பார்.

கடைசிப் புதன்கிழமை வந்தது. அண்ணனைக் கையோடு கூட்டிவர, இரண்டு பஸ் மாறி, நானும் அக்காவுமாக ஊரின் மறுகோடியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனோம். கதவு பூட்டியிருந்தது. வெளியே போயிருக்கிறார், எப்போது வருவாரோ என்றாள் மாடிவீட்டுப் பெண். படியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். நாலு மணிக்கு லாட்ஜுக்கு விரிப்புகள் போக வேண்டும். எழுந்து வந்துவிட்டோம்.

பஸ்ஸில் அக்கா போனைத் திறந்தார். நாத்தனார் மகள் சொல்லிக்கொடுத்த இடத்தில் அந்தச் செய்தியும், பக்கத்தில் சிவப்புக் குறியும் இருந்தன. தொட்டால் அழிந்துவிடும்.

"அழிச்சிடுங்கக்கா. ஒரு பாவமும் இல்ல."

விரலைக் கொண்டுபோனார். நிறுத்தினார். "இதை அழிச்சா, நீ வரவேண்டாம்னு அவருக்கு நானே சொன்ன மாதிரி ஆயிடும்டி." போனைப் பைக்குள் போட்டு, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வியாழன் காலை ஏழு மணிக்குச் செய்தி போய்விட்டது. எட்டு மணிக்கெல்லாம் கடையில் கூட்டம். எல்லார் கையிலும் திரைச்சீலை, எல்லார் கண்ணும் உள்ளே. "அண்ணன் வந்தாராமே, எங்கம்மா?" என்று மருந்துக்கடைக்காரர் மூன்று தடவை கேட்டார். அக்கா ஒரே தலையணை உறையை என் மேஜையில் நின்று நாலு தடவை தேய்த்தார்.

பதினொரு மணிக்கு வாசலில் ஒரு டாக்ஸி நின்றது. இறங்கியவருக்கு ஒரு பக்கக் கன்னம் வீங்கி, பந்து மாதிரி இருந்தது. கூட்டம் விலகியது. அவர் நேரே வந்து, பாதி வாயால் பேசினார்.

"பாப்பா, நேத்து வந்தேன்னு போட்டிருக்கே."

"ஆமாண்ணா."

"நேத்து எனக்குப் பல் டாக்டர். ரெண்டு கடவாய்ப் பல்லு. நான் எப்படி வர்றது?"

"எழுதும்போது தெரியலண்ணா."

"எப்ப எழுதினே?"

"ஆறு மாசம் முன்னாடி."

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு யோசித்தார். "அப்பவே சொல்லியிருந்தா, பல்லை இன்னைக்கு வச்சிருப்பேனே. இப்ப பாரு, உன்னைப் பொய்யாக்கிட்டேன். இன்னைக்கு வந்தாச் செல்லுமா?"

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்கின. "சிரிக்காதே, நானும் சிரிச்சிடுவேன், தையல் போட்டிருக்கு" என்று அண்ணன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். பிடித்தும் பயனில்லை. மருந்துக்கடைக்காரர் வலிமாத்திரை எடுக்கக் கடைக்கு ஓடினார். வீட்டுக்காரர் புது மீசையைத் துடைத்துக்கொண்டு, மச்சானுக்கு ஸ்டூல் போட்டார். நான் துணிக்குவியலுக்குப் பின்னால் கண்ணை மூடி, ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன்.

அக்கா அங்கேயே நின்று, வீங்கிய கட்டைவிரல் காலத்தைப் போலவே தானே தட்டினார். "நேற்று என்று போட்டது என் தவறு. என் அண்ணன் இன்று காலை பதினொரு மணிக்கு வந்தார்." அனுப்பியதும் அண்ணன் சட்டைப்பையில் போன் சத்தம் போட்டது. தங்கை எதிரிலேயே இருக்க, அவர் கண்ணாடியை எடுத்து மாட்டி, வரி வரியாக வாசித்தார். பிறகு பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாகப் பதில் அனுப்பினார். "சரி" என்று ஒரே சொல். அக்கா அதை என்னிடம் காட்டினார். அன்று கடைக்கு வந்த எல்லாரிடமும் காட்டினார்.

அதற்குப் பிறகு துணி ரெடி, வாங்க, விலை குறைவு எல்லாம் மெஷினே பார்த்துக்கொண்டது. முதல் வரியை மட்டும் அக்கா புதன் சாயந்திரம் தன் கையால் எழுதிச் சேர்ப்பார், பத்து நிமிஷம். மிச்ச நேரத்தில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவார்.

இரண்டு வருஷம் கழித்து, என் மகளோடு இருக்க நான் வேறு ஊருக்குக் கிளம்பினேன். அக்கா பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். என் பெட்டியை மேலே ஏற்றி, ஜன்னலுக்கு வெளியே நின்று, என் கையை விடாமல் பிடித்திருந்தார். பஸ் உறுமியதும் சொன்னார்:

"வீட்டுல போய் இறங்கினதும், இறங்கிட்டேன்னு ஒரு வரி போடு. இறங்கறதுக்கு முன்னாடியே போட்டுடாதேடி, அப்புறம் நீ இறங்கித்தான் ஆகணும்."